சப்பாத்து போட்டவர்களைக் கோச்சி ஏற்றிப் போகும்

நாற்பதைத் தாண்டி, முட்டிக்குத் தைலம் தேய்க்க ஆரம்பித்துவிட்ட நம்ம செட்டு ஆட்களிடம் ஒன்று கேட்கிறேன். சின்ன வயதில் உங்கள் லயத்தில் செருப்பு காணாமல் போயிருக்கிறதா? ஒரு சோடி, இரண்டு சோடியைச் சொல்லவில்லை. எங்கள் லயத்தில் ஒரு மழைக்காலம் முழுக்கப் போய்க்கொண்டே இருந்தது. "நாய்தான் தூக்கிட்டுப் போயிருக்கும்" என்று அத்தை அடித்துச் சொன்னாள். அவள் அப்பாவின் அக்கா, லயத்து வரிசையில் எங்களுக்கு அடுத்த வீட்டுக் காம்பராவில் இருந்தாள். அவள் பேச்சைக் கேட்டு பையன்கள் எங்கள் லயத்துக் கறுப்பு நாயைக் கல்லால் விரட்டினார்கள். அது ஒரு பாவமும் அறியாது.

எங்கள் தேயிலைத் தோட்டம் றொசல்ல ஸ்டேஷனுக்கு மேலே. லயத்துக்கும் புள்ளக் காம்பராவுக்கும் கீழே ரயில் பாதை வளைந்து போகும். புள்ளக் காம்பரா என்றால் கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் பிள்ளைகளை விட்டுவிட்டுப் போகிற இடம். ரயிலை நாங்கள் கோச்சி என்போம். வட்டவளைப் பக்கமிருந்து மேலே ஏறும்போது அது மூச்சு வாங்கிக்கொண்டு வரும், கொழும்புக்கு இறங்கும்போது சத்தமில்லாமல் வந்து வளைவில் ஒரு ஊதல் ஊதும். எனக்குப் பத்து வயது. தங்கச்சிக்கு நாலு. அவளைப் பாப்பா என்றுதான் எல்லோரும் கூப்பிட்டோம்.

அந்த வருஷம் மழை பிடிக்கிறதுக்கு முன்னால் அம்மா குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனாள். கிளம்புகிறதுக்கு முதல் நாள் சாயங்காலம், ஹட்டனில் வாங்கிய கறுப்புச் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு காம்பராவுக்குள் நடந்து பழகினாள். அதுவரை அம்மா சப்பாத்து போட்டு நான் பார்த்ததில்லை. மலைக்கு வெறுங்கால், கோயிலுக்கு வெறுங்கால், டவுனுக்கு மட்டும் ரப்பர் செருப்பு. சிமெந்துத் தரையில் டொக் டொக் என்று சத்தம் வந்தது. அம்மா தடுமாறி அடுப்படிச் சுவரைப் பிடித்தாள். பாப்பா கையைத் தட்டிச் சிரித்தாள். "இன்னொருக்கா நடங்கம்மா, இன்னொருக்கா" என்றாள். அம்மாவும் நடந்தாள். புதுத் தோலும் பசையும் கலந்த அந்த வாசம் புகை வாடையை மீறி வீடெல்லாம் அடித்தது. இன்றைக்கும் சப்பாத்துக் கடை வாசலில் அந்த வாசம் வந்தால் திரும்பி நடந்துவிடுவேன்.

பாப்பாவிடம் சொல்லாமல் போக வேண்டும் என்று திட்டம் போட்டது அத்தை.

"சொல்லிட்டுப் போனா புள்ள அழும். அழுத மூஞ்சியப் பாத்துட்டுக் கெளம்பினா போற காரியம் வெளங்காது. போறவங்கள பின்னால கூப்பிடவும் கூடாது. போறவங்க திரும்பிப் பாக்கவும் கூடாது. கேட்டுக்க."

அம்மா தலையை ஆட்டினாள். அத்தையின் மேல் எனக்கு இப்போது கோபம் இல்லை. நம் தோட்டங்களில் அப்படித்தானே எல்லோரும் போனார்கள். பிள்ளை விளையாடும்போது, பிள்ளை தூங்கும்போது, பிள்ளைக்கு ஒரு மாரி பிஸ்கட்டைக் கையில் கொடுத்துவிட்டு. அழாமல் இருக்க வைப்பதுதான் பிள்ளைக்குச் செய்கிற நல்லது என்று நினைத்தார்கள்.

காலையில் அம்மா பாப்பாவின் தலையைச் சீவிவிட்டாள். "அம்மா கொழுந்துக்குப் போயிட்டு வந்துர்றேன், என்ன?" என்றாள். நான் பாப்பாவைக் கூட்டிக்கொண்டு போய்ப் புள்ளக் காம்பராவில் விட வேண்டும், ஸ்டேஷனுக்கு வரக் கூடாது, வாயைத் திறக்கக் கூடாது. இவ்வளவுதான் எனக்கு இட்ட கட்டளை. இதைக்கூட நான் ஒழுங்காகச் செய்யவில்லை. புள்ளக் காம்பரா வேலி ஓரத்தில் நாங்கள் நிற்கும்போது கோச்சி ஊதிக்கொண்டு வளைவுக்கு வந்தது. மூன்றாவது பெட்டியின் சன்னலில் அம்மாவின் நீலச் சேலை. எனக்கு அடக்க முடியவில்லை. "பாப்பா, அந்தா அம்மா" என்று கையை நீட்டிவிட்டேன்.

பாப்பா பார்த்தாள். அம்மாவும் எங்களைப் பார்த்தாள். பார்த்ததும் முந்தானையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள். கோச்சி போய்விட்டது.

இரண்டு நாள் பாப்பா ஓயாமல் அழுதாள். தொண்டை கட்டி, சத்தம் வராமல் வாயை மட்டும் திறந்து அழுதாள். மூன்றாம் நாள் நான் ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தேன். கை சுட்டுவிட்டது, புகை கண்ணைக் கரித்தது, இவள் என் பாவாடையைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருந்தாள். எரிச்சலில் சொன்னேன்: "இன்னும் அழுத, சப்பாத்தப் போட்டுக்கிட்டு நானும் போயிருவேன். என்னையும் கோச்சி ஏத்திக்கிட்டுப் போயிரும். பாத்துக்க."

அழுகை அந்த நிமிஷமே நின்றது. அப்பா வந்ததும், பாப்பாவை நான்தான் சமாதானப்படுத்தினேன் என்று பெருமையாகச் சொன்னேன். அப்பா என் தலையைத் தடவினார்.

அடுத்த நாள் கோச்சி ஊதியது. பாப்பா கையிலிருந்த தேத்தண்ணிக் கோப்பையைப் போட்டுவிட்டு அப்படியே விறைத்து நின்றாள். கண் ஒரு பக்கமும் அசையவில்லை. உதடு நீலம் பாரித்தது. காலோடு மூத்திரம் போனது. கோச்சியின் சத்தம் தேய்ந்து மறைந்த பிறகுதான் மூச்சு விட்டாள். என் முகத்தைத் தொட்டுப் பார்த்தாள். "அக்கா இருக்க. அப்பா இருக்காரா?" என்றாள். அப்பா மலையில் தேயிலைச் செடி கவ்வாத்து வெட்டிக்கொண்டிருந்தார். இருக்கிறார் என்று சொன்னால் நம்ப மாட்டாள். காட்ட வேண்டும். எங்கே போய்க் காட்டுவது?

ஒரு நாளைக்கு எத்தனை கோச்சி போகும், நினைத்துப் பாருங்கள். அத்தனைக்கும் இப்படி. மழை வேறு விடவில்லை. மூட்டம் இறங்கினால் பாதை தெரியாது, ஊதல் மட்டும் எந்தப் பக்கமிருந்தோ வரும். அது தெரியாமல் வருவதுதான் அவளை வதைத்தது. சோறு இறங்கவில்லை. கை கால் குச்சியாகிவிட்டது. புள்ளக் காம்பரா ஆயம்மா அப்பாவிடம் வந்து, "இந்தப் புள்ளய என்னால பாத்துக்க முடியாதுங்க. கோச்சி சத்தம் கேட்டா வேலியில ஏறுது. ஏதாச்சும் ஆயிட்டா நான் பதில் சொல்லணும்" என்றார். அப்பா கும்பிட்டுக் கேட்டதால்தான் தொடர்ந்து வைத்துக்கொண்டார்.

எல்லாம் செய்தார்கள். பூசாரி முகத்தில் தண்ணீரை அடித்துத் திருநீறு போட்டுக் கறுப்புக் கயிறு கட்டினார். அத்தை மிளகாயும் உப்பும் சுற்றி அடுப்பில் போட்டாள், எங்கள் எல்லோருக்கும் இருமல் வந்ததுதான் மிச்சம். தோட்டத்து டிஸ்பென்சரி அய்யா சிவப்பு மருந்து ஒரு போத்தல் கொடுத்தார். அப்பா காதில் பஞ்சை அடைத்துவிட்டார். காது அடைத்த பிறகு பயம் கூடிவிட்டது. கோச்சி எப்போது வருகிறது என்று தெரியாமல் நாள் முழுக்க நடுங்கினாள்.

பிறகுதான் அப்பா அந்தக் காரியத்தைச் செய்தார். "கிட்ட போய்ப் பாத்தா பயம் தெளிஞ்சிரும்" என்று யாரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளைத் தூக்கிக்கொண்டு பாதையோரம் போய் நின்றார். நானும் பின்னால் போனேன். கோச்சி வந்தபோது அவள் திமிறாமல் இருக்க நெஞ்சோடு இறுக்கிப் பிடித்து, "பாரு, ஒண்ணும் பண்ணாது, பாரு பாப்பா" என்று அவள் முகத்தைத் திருப்பினார். பாப்பா அவர் தோளைக் கடித்தாள். ரத்தம் வந்தது. கோச்சி போனதும் அவள் உடம்பு துணியாகத் தொங்கியது. கண் மேலே சொருகிவிட்டது. அப்பா அவளைத் தூக்கிக்கொண்டு மேட்டில் ஓடினார். என் அப்பா வாய்விட்டு அழுததை நான் கேட்டது அந்த மேட்டில்தான்.

இந்தச் சமயத்தில்தான் செருப்புகள் போக ஆரம்பித்தன. முதலில் அப்பாவின் டயர் செருப்பு. அப்புறம் அவருடைய கலியாணச் சப்பாத்து. அத்தையின் ரப்பர் செருப்பு. கடைசியில் என் வெள்ளைப் பள்ளிக்கூடச் சப்பாத்து. நான் வெறுங்காலோடு பள்ளிக்கூடம் போனேன். எங்கள் டீச்சர் யாழ்ப்பாணத்துக்காரர், சுத்தம் சுத்தம் என்று உயிரை எடுப்பார். "சப்பாத்து எங்கை பிள்ளை?" என்று கேட்டார். நாய் தூக்கிக்கொண்டு போய்விட்டது என்றேன். வகுப்பே சிரித்தது. டீச்சர் என்னை வெளியே நிறுத்திவிட்டு, மறுநாள் தன் மகளின் பழைய சப்பாத்து ஒரு சோடியைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டு வந்து தந்தார். "இதையும் நாய்க்குக் குடுத்திடாதேங்கோ" என்றார்.

அதை நான் புத்தகப் பையில் வைத்துக்கொண்டேன். காலையில் பாப்பாவைப் புள்ளக் காம்பராவில் விட்டுவிட்டு, பாதையில் இறங்கிய பிறகு போட்டுக்கொண்டேன். பள்ளிக்கூடத்துக்கு நாங்கள் ரயில் பாதை வழியாகத்தான் நடப்போம், சிலிப்பர் கட்டையில் கால் வைத்து. சப்பாத்து காலுக்குப் பெரிது. குனிந்து நூலைக் கட்டியபோது மேலே வேலியிலிருந்து ஒருத்தி பார்த்துக்கொண்டிருந்தது எனக்குத் தெரியாது.

கொஞ்சத் தூரம் போனபின் பின்னால் ஊதல் கேட்டது. வட்டவளைப் பக்கமிருந்து ஏறி வருகிற கோச்சி. ஓரமாக ஒதுங்கத் திரும்பினேன். மூட்டத்துக்குள் தண்டவாளத்தின் நடுவே சிவப்பாக ஒன்று தெரிந்தது. பாப்பாவின் கம்பளிச் சட்டை. என் பின்னால் ஓடி வந்தவள், ஊதல் கேட்டதும் எப்போதும்போல விறைத்து நின்றுவிட்டாள்.

நான் கத்தினேன். அவளுக்குக் கேட்கவில்லை. கேட்டாலும் அசைய முடியாது, அது எனக்குத் தெரியும். ஓடினேன். பெரிய சப்பாத்து சரளைக்கல்லில் வழுக்கியதில் விழுந்தேன், முழங்கால் கிழிந்தது, எழுந்து ஓடினேன். தண்டவாளம் அதிர்ந்தது. அவளுக்குப் பின்னால் வளைவில் மஞ்சள் விளக்கு மூட்டத்தைக் கிழித்துக்கொண்டு வந்தது. அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே ஓடினேன். கண் என் காலையே பார்த்துக்கொண்டிருந்தது. இரண்டு கையாலும் இடுப்பைப் பிடித்து இழுத்து, பாதையோரம் மழைத்தண்ணி ஓடுகிற கானுக்குள் அவளோடு விழுந்தேன். தண்ணீர் சில்லென்று கழுத்துவரை ஏறியது. தலைக்கு மேலே பெட்டி பெட்டியாகக் கோச்சி போனது. டீசல் வாடை முகத்தில் அடித்தது.

அது போய் முடிவதற்கு முன்பே பாப்பா என் காலைப் பிடித்துச் சப்பாத்தின் நூலை இழுக்க ஆரம்பித்தாள். முடிச்சு அவிழவில்லை. பல்லால் கடித்தாள்.

"கழட்டு அக்கா, கழட்டு. கோச்சிக்குத் தெரிஞ்சிரும்."

"என்னாடி தெரிஞ்சிரும்?"

"சப்பாத்து போட்டா ஏத்திக்கிட்டுப் போயிரும். அம்மாவ ஏத்திக்கிட்டுப் போச்சுல்ல. நீதானே சொன்ன."

நான்தான் சொன்னேன். அந்தக் கானுக்குள் உட்கார்ந்து, நனைந்த பையை மடியில் வைத்துக்கொண்டு, எனக்கு அது அப்போதுதான் உறைத்தது. பூசாரி வரை போய்த் தேடிய பேய் நான்தான்.

அவளே கூட்டிக்கொண்டு போய்க் காட்டினாள். காம்பரா வாசலில் இருக்கும் இஸ்தோப்பின் மூலையில் மிலாறு அடுக்கியிருப்போம், கவ்வாத்து வெட்டிய தேயிலைக் கிளைகள், அடுப்புக்கு. அந்த அடுக்குக்கும் சுவருக்கும் நடுவில் எல்லாம் இருந்தன. சோடி சோடியாக, மூக்கை உள்பக்கம் திருப்பி, வெளியே போகாமல் இருக்க. ஆயம்மாவின் செருப்புகூட ஒன்று இருந்தது.

அப்பாவிடம் சொல்ல எனக்கு இரண்டு நாள் ஆயிற்று. அடி விழும் என்று மிலாறு அடுக்கைப் பார்த்தபடியே சொன்னேன். கோச்சிக்கு முன்னால் அவள் நின்றதையும் சொன்னேன். அப்பா அடிக்கவில்லை. வெகு நேரம் தோளைத் தடவிக்கொண்டிருந்தார், அவள் கடித்த இடத்தை.

"நீ வாயால சொன்ன. நான் கையால புடிச்சு நிறுத்தினேன்" என்றார். பிறகு பாப்பாவை மடியில் வைத்துக்கொண்டு கேட்டார்: "பாப்பா, வெறுங்காலோட ஏறினா கோச்சி திருப்பிக் கொண்டாந்து எறக்கி விட்ருமா?"

அவள் நிறைய யோசித்தாள். "விட்ரும்" என்றாள், மெதுவாக.

"அப்ப ஒருக்கா போயிட்டு வருவமா?"

அதற்கு அவள் மூன்று நாள் பதில் சொல்லவில்லை. அப்பாவும் மறுபடி கேட்கவில்லை. நாலாம் நாள் அவளாகவே வந்து, "அக்காவும் வெறுங்காலா?" என்று கேட்டாள்.

அத்தை மூக்கில் விரலை வைத்தாள். "டவுனுக்கு வெறுங்காலோடயா? ஆளுங்க என்னா நெனைப்பாங்க?"

"நெனைச்சிட்டுப் போகட்டுங்க அக்கா" என்றார் அப்பா.

அப்பாவும் பயந்துகொண்டுதான் வந்தார் என்பது எனக்கு வெகு காலம் கழித்துத்தான் புரிந்தது. அவரிடம் அடையாள அட்டை இல்லை. தமிழர் என்றால் பிடித்து விசாரிக்கிற காலம் அது. அதனால்தான் அம்மாவை ஸ்டேஷனில் ஏற்றிவிட்டதோடு நின்றார், கொழும்புவரை போகவில்லை. அன்றைக்கு ஒரு கையில் பாப்பா, சட்டைப்பையில் தோட்டத்து ஆபீசில் வாங்கிய ஒரு கடுதாசி. கோச்சி வந்து நின்றபோது பாப்பா விறைத்தாள். அப்பா இழுக்கவில்லை. "இப்ப வேணாம்னா அடுத்த வாரம் போவோம்" என்றார். அவள் குனிந்து முதலில் அவர் காலைப் பார்த்தாள், அப்புறம் என் காலை, கடைசியில் தன் காலை. பிறகு கையைத் தூக்கினாள், தூக்கிக்கொள்ளச் சொல்லி.

ஹட்டன் ஸ்டேஷன் வாசலில் காக்கிச் சட்டைக்காரர் ஒருவர் அப்பாவை நிறுத்தி அட்டை கேட்டார். அப்பா கடுதாசியை நீட்டினார்.  அவர் அதை வாங்கிப் பார்த்தார், சேற்றோடு இருந்த எங்கள் ஆறு கால்களையும் பார்த்தார். பாப்பா அப்பாவின் கழுத்தைப் பிடித்துக்கொண்டு அந்தக் காக்கிச் சட்டைக்காரரின் பெரிய சப்பாத்தையே பயத்தோடு பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் என்ன நினைத்தாரோ, "யன்ட, யன்ட" என்று போகச் சொன்னார். கடையில் பால் இல்லாத சாயத்தண்ணியும் பனிசும் வாங்கித் தந்தார் அப்பா. பாப்பா பனிசைக் கையிலேயே வைத்திருந்தாள்.

திரும்பி வர ஏறியது கொழும்புக்கு இறங்குகிற கோச்சி. அம்மாவை ஏற்றிப்போன அதே கோச்சி. பாப்பாவுக்கு அது தெரிந்திருந்தது. வழி முழுக்க "நிக்குமா? நிக்குமா?" என்று கேட்டுக்கொண்டே வந்தாள். நிற்கும் என்று நாங்கள் இருவரும் மாறி மாறிச் சொன்னோம். உண்மையைச் சொன்னால், நிற்காமல் போய்விடுமோ என்று எனக்கே பயம் வந்துவிட்டது. றொசல்லயில் நின்றது. இறங்கினோம். பாப்பா கீழே இறங்கி நின்று, கோச்சி கிளம்பி வளைவில் மறைகிறவரை பார்த்தாள். விறைக்கவில்லை. நடுங்கினாள், ஆனாலும் பார்த்தாள்.

ஒரே நாளில் எல்லாம் மாறிவிடவில்லை. மழை முடிகிற மட்டும் அடிக்கடி ஞாயிற்றுக்கிழமை வெறுங்காலோடு போய் வந்தோம். லயத்தில் எங்களுக்குப் பட்டப்பெயரே வைத்துவிட்டார்கள். செருப்புகள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. முதலில் அத்தையின் செருப்பு வந்தது. அத்தையைக் கோச்சி ஏற்றிப் போனால் பரவாயில்லை என்று நினைத்திருப்பாள். அப்புறம் அப்பாவுடையவை. என்னுடையது கடைசியில்தான் வந்தது. கானில் நனைந்ததோடு போடாமல் வைத்திருந்த டீச்சரின் சப்பாத்தைத் திருப்பிக் கொடுத்தபோது அது பூஞ்சணம் பிடித்திருந்தது.

பயம் போன இடத்தில் வேறொன்று வந்து உட்கார்ந்தது. கோச்சி திருப்பிக் கொண்டுவந்து இறக்கும் என்று கற்றுக்கொடுத்துவிட்டோம் அல்லவா. மேலே ஏறுகிற கோச்சி ஒவ்வொன்றுக்கும் வேலியருகே போய் நின்று சன்னல் சன்னலாகப் பார்த்தாள். ஒன்றரை வருஷத்துக்கு மேல் பார்த்தாள். பயத்தைக்கூடப் பார்த்துவிடலாம், அதைத்தான் என்னால் பார்க்க முடியவில்லை.

அம்மா வந்தாள். கொஞ்சம் பருத்து, வாசனை மாறி, அதே கறுப்புச் சப்பாத்தோடு. பாப்பா கிட்டப் போகவில்லை. அப்பாவின் பின்னால் நின்று அம்மாவின் காலைப் பார்த்தாள். அன்று சாயங்காலம் சப்பாத்தைக் காணவில்லை. அத்தை வாயைத் திறந்தாள், அப்பா அவளைப் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டாள். நான் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அம்மா மிலாறு அடுக்கின் பக்கமே போகவில்லை. லீவில் வந்திருந்த இரண்டு மாதமும் வெறுங்காலோடு நடந்தாள். காலில் அட்டை கடித்தது, பழக்கம் விட்டுப்போய்ப் பாதம் வெடித்தது. 

மறுபடி போகத்தான் வேண்டியிருந்தது. இந்தத் தடவை அம்மா பாப்பாவை முன்னால் உட்கார வைத்து, எங்கே போகிறாள், எத்தனை தீபாவளி கழித்து வருவாள், எல்லாவற்றையும் சொன்னாள். பாப்பா அழுதாள். அழட்டும் என்று விட்டோம். கிளம்புகிற காலையில் பாப்பாவே மிலாறை நீக்கிச் சப்பாத்தை எடுத்து, பாவாடையால் துடைத்து, அம்மாவின் காலடியில் வைத்தாள். மூக்கை வெளிப்பக்கம் திருப்பி வைத்தாள்.

ஸ்டேஷனில் அம்மா ஏறும்போது பாப்பா பின்னாலிருந்து "அம்மா" என்று கூப்பிட்டாள். அத்தை பதறிப்போனாள். அம்மா திரும்பிப் பார்த்தாள். கோச்சி வளைவில் மறைகிறவரை முகத்தை மூடாமல் பார்த்துக்கொண்டே போனாள்.

பாப்பா இப்போது தலவாக்கலையில் இருக்கிறாள், இரண்டு பிள்ளைகள், கோச்சியில்தான் வேலைக்குப் போய் வருகிறாள். அவள் வீட்டுக்கு யார் போனாலும் வாசலில் கழற்றிய செருப்பை உள்ளே எடுத்துக்கொண்டு போய்விடுவாள். ஏன் என்று கேட்டால் "நாய் தூக்கிட்டுப் போயிரும்" என்பாள். அந்தத் தெருவில் நாயே இல்லை. நான் போனாலும் அப்படித்தான். கிளம்புகிற நேரம் வந்தால் என் செருப்பை நான் கேட்பதில்லை. அவளாக எடுத்துவந்து வைக்கிறவரை உட்கார்ந்திருப்பேன், கோச்சி போனாலும் போகட்டும்.